ஸ்கான்ல ஃபேட்டி லிவர் எண்டு வந்திருக்கு, 6 கிலோ குறைச்சா உண்மையா ஏதும் மாறுமா?

கணக்குப்பிள்ளை43 (வெள்ளவத்தை), திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா வாசிக்கிறனான், எழுதுறது இதுதான் முதல் தரம். ஒபிஸில வருசா வருசம் செய்யிற மெடிக்கல் செக்கப் போன கிழமை நடந்தது, றிப்போட்டைப் பார்த்ததில இருந்து மனம் ஒரு நிலையில இல்லை. வயசு 43, உயரம் 5 அடி 6, நிறை 86 கிலோ. காலமை வெறும் வயித்தில சுகர் 118, பிரஷர் 142க்கு 90, ரத்தக் கொழுப்பு ட்ரைகிளிசரைட் 240, ஸ்கான்ல ஃபேட்டி லிவர் கிரேட் 2, அதாவது ஈரலில கொழுப்பு. டொக்டர் நாலு நிமிசம்தான் கதைச்சார். "இப்பவே மருந்து வேண்டாம், ஒரு 6 கிலோ குறைச்சுக்கொண்டு மூண்டு மாசத்தால வாங்கோ" எண்டார், அதுக்குள்ள அடுத்த நம்பரைக் கூப்பிட்டுட்டினம்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். கோட்டையில வேலை, காலமை எட்டுக்கு கதிரையில இருந்தா பின்னேரம் ஆறுக்குத்தான் எழும்புறது, பால்தேத்தண்ணி அஞ்சு தரம், மத்தியானம் சோத்துப் பார்சல், வெள்ளிக்கிழமையில பிள்ளையளோட கொத்து. அப்பா 52 வயசில ஹார்ட் அட்டாக்கில போனவர். அவருக்கும் என்னை மாதிரியேதான், கை கால் எல்லாம் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு. 52க்கு எனக்கு இன்னும் ஒம்பது வருசம்தான் இருக்கு, சின்னவனுக்கு இப்ப 12.

என்ர கேள்வி இதுதான். 80 கிலோவுக்கு வந்தாலும் நான் பார்க்கிறதுக்கு குண்டுதானே, அந்த 6 கிலோவால உள்ளுக்கு என்ன மாறப்போகுது? டொக்டர் சும்மா வாயில வந்த நம்பரைச் சொன்னவரோ?

கொட்டாஞ்சேனை_அக்கா, திங்கள் இரவு

தம்பி பயப்படாதீங்க, ஆனா அந்த றிப்போட்டை லாச்சியில போட்டு மறந்தும் போயிடாதீங்க, நான் அப்படித்தான் செஞ்சேன். 2014ல எனக்கும் வெறும் வயித்துல 116னு வந்துச்சு, எல்லாரும் போடர்லைன்தானேன்னு சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். ரெண்டு வருசத்துல 190. அப்புறம் மூணு வகை குளிசை, கண்ணுக்கு லேசர். உங்களுக்கு இப்ப வந்திருக்கிறது எனக்கு அன்னைக்கு வந்த அதே பேப்பர்தான், அந்த நேரம் என்கிட்ட யாரும் 6 கிலோ குறைங்கன்னு சொல்லல, சொன்ன டொக்டருக்கு நன்றி சொல்லுங்க.

வார்ட்_அக்கா, செவ்வாய் இரவு

நான் மெடிக்கல் வார்ட்டில 17 வருசமா நேர்ஸா இருக்கிறன், டியூட்டி முடிஞ்சு வந்து எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

தம்பி, அந்த 6 சும்மா வாயில வந்த நம்பர் இல்லை. அமெரிக்காவில உங்களை மாதிரி சுகர் எல்லையில நிண்ட 3234 பேரை வைச்சு பெரிய ஆராய்ச்சி ஒண்டு செய்து 2002ல வெளியிட்டவை. ஒரு பகுதிக்கு குடுத்த இலக்கு நிறையில 7 சதவீதம் குறைக்கிறது, கிழமைக்கு 150 நிமிசம் நடை, அவ்வளவுதான். கிட்டத்தட்ட மூண்டு வருசத்தில, ஒண்டும் செய்யாத ஆக்களோட ஒப்பிட்டா அவைக்கு நீரிழிவு வாறது 58 சதவீதம் குறைஞ்சிருந்தது. மெட்ஃபோமின் எண்ட சுகர் குளிசை குடிச்ச பகுதிக்கு 31 சதவீதம்தான். 86இல 7 சதவீதம் எவ்வளவு எண்டு நீங்களே பாருங்கோ, நீங்க கணக்குப் பார்க்கிற ஆள். 6 கிலோ.

ஏன் இவ்வளவு கொஞ்சத்துக்கு இவ்வளவு பலன்? உங்கட ஃபிளாட் மொட்டைமாடியில தண்ணித் தாங்கி இருக்கும்தானே. தாங்கி நிரம்பும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, நிரம்பின பிறகும் மோட்டரை நிப்பாட்டாட்டில் கூரையெல்லாம் ஒழுகும். தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்புத்தான் தாங்கி. எங்கட ஆக்களுக்கு, தெற்காசியக்காரருக்கு, அந்தத் தாங்கி சின்னன், கெதியா நிரம்பிடும். மிச்சம் ஈரலுக்குள்ள, கணையத்துக்குள்ள, குடலைச் சுத்தி எண்டு இருக்கக்கூடாத இடங்களில போய்த் தங்கும். கை கால் மெலிவு வயிறு மட்டும் முன்னுக்கு எண்டு நீங்க எழுதினதை வாசிச்ச உடனே எனக்கு விளங்கிட்டுது.

ஈரலுக்குள்ள கொழுப்பு ஏறினா அது இன்சுலினுக்குக் காது குடுக்காது. இரவு நீங்க நித்திரை, ஒண்டும் சாப்பிடேல்லை, ஆனா ஈரல் நிப்பாட்டாம சீனியைச் செய்து ரத்தத்துக்குள்ள விட்டுக்கொண்டே இருக்கும், அதுதான் வெறும் வயித்தில 118. அதே ஈரல்தான் கொழுப்பையும் பொதி கட்டி ரத்தத்துக்கு அனுப்புது, அதுதான் உங்கட ட்ரைகிளிசரைட் 240. வயித்துக் கொழுப்பு சிறுநீரகத்தை அழுத்தும், உடம்பு உப்பைப் பிடிச்சு வைச்சிருக்கும், பிரஷர் ஏறும். பேப்பரில நாலு வருத்தம் மாதிரித் தெரியும், வேர் ஒண்டுதான். நிறை குறையேக்க ஈரல் கொழுப்பு முன்னுக்கே கரையத் தொடங்கிடும், கண்ணாடியில வயிறு குறைஞ்சது தெரியிறதுக்கு முதலே றிப்போட்டில தெரியும்.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த நிறையோ எண்டு பார்க்கிற கணக்கு, உங்களுக்கு 30.6 வருது. உலக சுகாதார நிறுவனத்தின்ர நிபுணர் குழு 2004ல ஆசியாக்காரருக்கு 23 தாண்டினா கவனம், 27.5 தாண்டினா ஆபத்துக் கூட எண்டு சொன்னது. ஒரு அளவு நாடா எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில, மூச்சை விட்டுட்டு அளந்து பாருங்கோ. எங்கட ஆம்பிளையளுக்கு 90 செமீக்குள்ள, பொம்பிளையளுக்கு 80க்குள்ள இருந்தா நல்லம்.

பனங்கூடல், புதன் காலமை

எல்லாரும் சேர்ந்து அந்தாளைப் பயப்பிடுத்தாதேங்கோ. பிஎம்ஐ எண்டுறதே 19ம் நூற்றாண்டில பெல்ஜியத்தில குவெட்லெ எண்ட ஒருத்தர் போட்ட கணக்கு, அவர் டொக்டரே இல்லை. என்ர அப்பப்பா நல்ல வயிறு வைச்சிருந்தவர், தேங்காய்ப்பால் விட்ட சொதி இல்லாம ஒருநாளும் சாப்பிட்டதில்லை, 88 வயசு மட்டும் இருந்தவர். இன்னொண்டு, நிறை குறைச்ச எத்தினை பேரை நான் பார்த்திட்டன், ரெண்டு வருசத்தில எல்லாம் திரும்பி வந்து இன்னும் ரெண்டு கிலோ கூடவா நிக்கினம். பிறகு மனமுடைஞ்சு போறதுதான் மிச்சம்.

வார்ட்_அக்கா, புதன் இரவு

பனங்கூடல் அண்ணை, பிஎம்ஐ பற்றி நீங்க சொல்லுறது சரி. தசை எவ்வளவு கொழுப்பு எவ்வளவு எண்டு அதுக்குத் தெரியாது, அதாலதான் நாடாவால அளக்கச் சொன்னனான். ஆனா அந்த அளவு எங்களை வீணாப் பயப்பிடுத்தேல்லை, வெள்ளைக்காரருக்கு 25 எண்டு வைச்ச கோட்டை நாங்களும் பிடிச்சுக்கொண்டிருந்தா எங்கட ஆபத்தை குறைச்சுத்தான் காட்டும்.

அப்பப்பா எத்தினை மைல் சைக்கிள் ஓடினவர், தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணி இறைச்சவர் எண்டும் சொல்லுங்கோ. சாப்பாடு அவற்ற, வேலை எங்கட எண்டா கணக்கு எப்பிடிச் சரிவரும்? 88 வரைக்கும் இருந்தவரை நாங்க எல்லாரும் ஞாபகம் வைச்சிருக்கிறம், 50ல போனவரை எண்ணுறதில்லை. நான் எண்ணுறன் அண்ணை, வார்ட்டில கட்டில் துப்பரவாக்கி அடுத்த ஆளுக்கு விரிக்கிறது நான்தான். 46 வயசு, 49 வயசு, சுகர் இருக்கிறதே தெரியாம முதல் அட்டாக்கோட வாறவை.

நிறை திரும்பி வாறது உண்மை, அதை மறைச்சுக் கதைக்க ஏலாது. உடம்பு குறைஞ்ச நிறையை பஞ்சம் எண்டு நினைக்கும், பசியைக் கூட்டும், செலவழிக்கிறதைக் குறைக்கும். அது ஆளின்ர பலவீனம் இல்லை, உடம்பின்ர வேலை. அதாலதான் ஒரு மாசத்தில 10 கிலோ எண்டு ஓடுறவை திரும்பி விழுகினம், கெதியாக் குறைச்சா பித்தப்பையில கல்லும் வரும். மெல்லமா, வாழ்நாள் முழுக்கச் செய்யக்கூடிய மாதிரி. கொஞ்சம் திரும்பி வந்தாலும் குறைஞ்சு இருந்த வருசங்களால ரத்தக் குழாய்க்கு கிடைச்ச ஓய்வு வீண் இல்லை.

தெமட்டகொட_நானா, புதன் இரவு

ஒரு விசயம் கேக்கணும், நீங்க குறட்டை விடுறதா வீட்டுல செல்லுறாங்களா? எனக்கு 104 கிலோ ஈந்திச்சு. ராவு முழுக்க தூங்குவேன், ஆனா காலையில தலை பாரம், சுபஹுக்கு எழும்புறதே பெரிய பாடு. ஒருநாள் பேஸ்லைன் ரோட்ல சிக்னல்ல வேன நிப்பாட்டினவன் அப்பிடியே தூங்கிட்டேன், பின்னால ஹோர்ன் அடிச்சுத்தான் முழிப்பு வந்திச்சு, வேன் உள்ளுக்கு ரெண்டு புள்ளைகளும் ஈந்தாங்க. ஸ்லீப் டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சது, கழுத்துல ஈக்கிற கொழுப்பு தொண்டைய அமுக்கி மூச்சு நின்னு நின்னு போகுதாம். இப்ப மிஷின் போட்டுத்தான் தூங்குறேன், ஒரு வருசத்துல 12 கிலோ கொறச்சேன், மிஷின்ட காத்தோட அளவையும் கொறச்சிட்டாங்க. பத்து சதவீதம் கொறஞ்சா மூச்சு நிக்கிறது கிட்டத்தட்ட கால்வாசி கொறையும்னு டொக்டர் சென்னாரு. பிரஷர் ஏறுறதுக்கும் இது ஒரு காரணம், உங்கட டொக்டர்கிட்ட கட்டாயம் செல்லுங்க.

மழைத்துளி_தெகிவளை, வியாழன்

நான் 31 வயசு, பிசிஓஎஸ் இருக்கு, ஹோர்மோன் குழம்பி மாதவிடாய் ஒழுங்கா வராத வருத்தம். ஒரு கலியாண வீட்டுக்குப் போக ஏலாது, "என்ன பிள்ளை இப்பிடிப் பெருத்துப் போனாய்" எண்டு எல்லாருக்கும் முன்னால கேப்பினம், கேக்கிறவை ஒருத்தரும் உதவி செய்ய வாறதில்லை. அப்பிடி ஒரு கலியாணத்தில இருந்து அழுதுகொண்டு வந்துதான் ஃபேஸ்புக்கில விக்கிற மெலியிற பவுடர் ஒண்டு ஓடர் பண்ணினனான், மூலிகை எண்டுதான் போட்டிருந்தது. பத்து நாளில 3 கிலோ குறைஞ்சது, ஆனா நெஞ்சு படபடப்பு, இரவில கண் மூடேலாது. அம்மா அதைத் தூக்கி எறிஞ்சா.

பிறகு கிளினிக்கில ஒரு நல்ல டொக்டர் சந்திச்சன், அவ என்ர உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பிழையாச் சொல்லேல்லை. 5 சதவீதம் குறைஞ்சாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வர இடமிருக்கு எண்டா. எனக்கு 74ல இருந்து 70 ஆக எட்டு மாசம் எடுத்தது. ஏழு மாசமா வராம இருந்தது வந்தது. இப்பவும் நான் மெல்லிசு இல்லை, ஆனா அண்டைக்கு நான் அழுதது சந்தோசத்தில.

வார்ட்_அக்கா, வியாழன் இரவு

தங்கச்சி, நீங்க அந்தப் பவுடரை விட்டது நல்ல காரியம். இப்பிடி மூலிகை எண்டு விக்கிற சாமான்களைப் பரிசோதிச்சதில சிபுட்ராமின் எண்ட மருந்து ஒளிச்சுக் கலந்திருக்கிறதை பல நாடுகளில பிடிச்சிருக்கினம். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுது எண்டு 2010ல ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் சந்தையில இருந்து எடுத்த மருந்து அது. வாசிக்கிற ஆரும் இதை வாங்கி வைச்சிருந்தா தயவுசெய்து இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

பெண்களுக்கு இன்னொண்டும் சொல்லோணும். 2016ல சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மிதமிஞ்சின கொழுப்போட தொடர்புள்ள புற்றுநோய் 13 எண்டு கணக்கெடுத்தது, கருப்பை உட்சுவர், மாதவிடாய் நிண்ட பிறகு வாற மார்புப் புற்றுநோய், பெருங்குடல் எல்லாம் அதில இருக்கு. மாதவிடாய் நிண்ட பிறகு ஈஸ்ட்ரோஜன் கொழுப்பிலதான் உருவாகும். மாதவிடாய் நிண்டு வருசங்கள் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கிளினிக்குக்குப் போங்கோ, வயசுபோன காலத்தில இதைப் போய்ச் சொல்லுறதோ எண்டு வெக்கப்பட்டு இருந்திடாதேங்கோ.

கணக்குப்பிள்ளை43, வெள்ளி இரவு

எல்லாருக்கும் நன்றி. நாடா எடுத்து அளந்தன், 103 செமீ. மனுசியிட்டக் குறட்டையைக் கேட்டன், அவ சிரிக்கேல்லை, "உங்களுக்கு மூச்சு நிக்கேக்க நான் எழும்பி இருந்து எண்ணிக்கொண்டிருப்பன்" எண்டா. இத்தினை வருசமா எனக்குச் சொல்லவே இல்லை.

தேத்தண்ணிக்கும் கணக்குப் பார்த்தன். அஞ்சு கோப்பை, ரெண்டு கரண்டிப்படி பத்துக் கரண்டி, கரண்டி 4 கிராம் எண்டா 40 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25க்குள்ள இருந்தா நல்லம் எண்டு போட்டிருக்கு. தேத்தண்ணியிலயே முடிஞ்சுது. அதுக்கு மேல பின்னேரம் ஒபிஸ் கடையில ஒரு சோடா, போத்தலில சீனி கூட எண்டு காட்டுற சிவப்பு வட்டம் இருக்கிறதை இவ்வளவு நாளும் கவனிச்சதே இல்லை.

சோத்தை விட்டா நான் உயிரோட இருப்பனோ தெரியாது, அதுக்கு ஆரும் வழி சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_அக்கா, சனி காலமை

சோத்தை ஏன் விடணும்? விட்டா ரெண்டு கிழமை தாங்கும், அப்புறம் ஒருநாள் பானையோட உக்காருவோம், எனக்கு நடந்திருக்கு. நம்ம பார்சலைத் திறந்து பாருங்க, சோறு ஒரு மலை, மலை அடிவாரத்துல ஒரு கரண்டி பருப்பு, ஒரு கரண்டி மரக்கறி, ஒரு துண்டு மீன். நான் அதை மாத்தினேன், அவ்வளவுதான் என் டயட். தட்டுல பாதிக்கு மரக்கறி, வல்லாரை சம்பல், பொன்னாங்காணி, கங்குங், புடலங்காய், எது மலிவோ அது. கால் பங்குக்கு மீனோ முட்டையோ கடலையோ. மிச்ச கால் பங்கு சிவப்பரிசிச் சோறு. கறியை முதல்ல சாப்பிட்டுட்டு சோத்துக்கு வந்தா பாதியிலயே வயிறு நிறைஞ்சிடும். தேங்காய்ப்பாலை ஒரேயடியா நிறுத்தல, முதல் பாலை விட்டுட்டு ரெண்டாம் பாலுல ஆக்குறேன். ராத்திரி இடியப்பம் பத்து இருந்தது நாலாச்சு, கூட ஒரு முட்டை.

பாணும் சீனிச் சம்பலும், பின்னேரத்து ரோல்ஸ், பட்டிஸ், இதுகதான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு. நாலு மணிக்குப் பசிக்கும், பசிச்சா கடைக்குக் கால் போகும். அவிச்ச கடலை ஒரு டப்பாவுல கொண்டு போங்க. சீனியை ஒரே நாள்ல விடாதீங்க, கிழமைக்கு அரைக் கரண்டியா குறைங்க, நாலு கிழமையில நாக்கு பழகிடும்.

78ல இருந்து 69க்கு வந்தேன், மூணு வகை குளிசை ஒண்ணாச்சு. ஆனா இதைக் கேட்டு சுகர் குளிசை குடிக்கிற யாரும் டொக்டர்கிட்ட சொல்லாம சாப்பாட்டைக் குறைச்சிடாதீங்க. எனக்கு சுகர் இறங்கி ஆட்டுப்பட்டித் தெரு பஸ்சுல வேர்த்து விழுந்து மயக்கமே வந்துச்சு. குளிசையோட அளவையும் கூடவே குறைக்கணும். முழங்கால் வலிக்காகத்தான் நான் ஆரம்பிச்சேன், படியேற முடியாம இருந்தவ இப்ப மூணாம் மாடிக்கு மரக்கறிப் பையோட ஏறுறேன்.

வார்ட்_அக்கா, சனி

அக்கா சொன்ன முழங்காலுக்கும் கணக்கு இருக்கு. மூட்டுத் தேய்மானம் உள்ள ஆக்களை நடக்க வைச்சு அளந்ததில, நிறை 1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில விழுற பாரம் 4 கிலோ குறையுது. ஒரு நாளைக்கு எத்தினை ஆயிரம் அடி வைக்கிறம்.

நடைக்கு நேரமில்லை எண்டு சொல்லுவீங்கள் தம்பி. 100ம் நம்பர் பஸ்ஸோ 101ஓ எதில வந்தாலும் காலி முகத்திடலடியில இறங்கி மிச்சத்தை நடவுங்கோ, காலமைக் கடல் காத்து, இருவது நிமிசம். பின்னேரமும் அதே மாதிரி. நடையால மட்டும் நிறை பெரிசாக் குறையாது, அது சாப்பாட்டாலதான், ஆனா குறைஞ்சதைத் திரும்ப வராமப் பிடிச்சு வைக்கிறது நடைதான். கிழமையில ரெண்டு நாள் பாரம் தூக்கிற மாதிரி ஏதும் செய்யுங்கோ, இல்லாட்டில் கொழுப்போட தசையும் போயிடும். காசு குடுத்து டெஸ்ட் செய்ய ஏலாத ஆக்கள் இருந்தா, அரசாங்க ஆஸ்பத்திரிகளில ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் இருக்கு, 35 தாண்டின ஆக்களுக்கு சுகர், பிரஷர், நிறை எல்லாம் இலவசமாப் பார்ப்பினம்.

பனங்கூடல், சனி இரவு

வார்ட் தங்கச்சி, நான் கொஞ்சம் கடுமையா எழுதிட்டன். அப்பப்பா சைக்கிளில தினமும் சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்தவர்தான். எனக்கு 58, போன வருசம் எனக்கும் சுகர் எண்டு சொல்லிட்டினம், அந்தக் கோவம் எல்லாரிலயும் பாயுது. ஒண்டு கேக்கிறன், வந்த சுகர் போகுமோ? வெளிநாட்டில ஊசி ஒண்டு எண்டு மகள் சொல்லுறாள்.

வார்ட்_அக்கா, ஞாயிறு

அண்ணை, கோவம் வாறது எனக்கு விளங்குது. வந்து ஒரு வருசம்தான் எண்டா நல்ல வாய்ப்பிருக்கு. ஸ்கொட்லாந்திலயும் இங்கிலாந்திலயும், நீரிழிவு வந்து ஆறு வருசத்துக்குள்ள இருந்த ஆக்களை வைச்சு ஒரு ஆராய்ச்சி, 2017ல வெளிவந்தது. டொக்டர்மாற்ற கண்காணிப்பில சில மாசம் 850 கலோரி அளவில குடிக்கிற உணவு மட்டும், பிறகு மெல்லமா சாதாரண சாப்பாடு. ஒரு வருசத்தில 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாம சுகர் நீரிழிவு எல்லைக்குக் கீழ வந்தது, 15 கிலோவும் அதுக்கு மேலயும் குறைச்ச ஆக்களில 86 சதவீதம் பேருக்கு. பிறகு நிறை ஏறினவைக்கு சுகரும் திரும்பி வந்தது. வீட்டில தனிய இதைச் செய்யாதேங்கோ, உங்கட டொக்டரிட்டக் கேளுங்கோ.

மகள் சொல்லுற ஊசி செமாக்ளூட்டைடா இருக்கும். நல்ல மருந்துதான், 2021ல வந்த ஆராய்ச்சியில 68 கிழமையில நிறை சராசரி 15 சதவீதம் குறைஞ்சது. ஆனா நிப்பாட்டினவைக்கு அடுத்த ஒரு வருசத்தில குறைஞ்சதில மூண்டில ரெண்டு பங்கு திரும்பி வந்தது. விலையும் கூட, டொக்டர் இல்லாம ஒன்லைனில வாங்கிக் குத்துறது வேண்டவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை43, மூண்டு மாசம் கழிச்சு

வணக்கம். நேற்று டொக்டரிட்டப் போனனான். 86ல இருந்து 80.5. 6 வரேல்லை, அஞ்சரை. வெறும் வயித்தில 102, ட்ரைகிளிசரைட் 165, பிரஷர் 128க்கு 82, இடுப்பு 96. ஸ்கான் ஆறு மாசத்திலதான் திரும்பவும். ஸ்லீப் டெஸ்டுக்குத் திகதி குடுத்திருக்கினம், நானா சொன்னதால கேட்டன். நடுவில நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் ஒரு கிலோ ஏறினது, பிறகு இறங்கிட்டுது. மனுசி இப்ப இரவில எழும்பி இருக்கிறதில்லையாம், அதை அவ சொல்லேக்க எனக்குக் கதைக்க ஏலாமப் போட்டுது.

இன்னொரு கேள்வி, என்னைப் பற்றி இல்லை. சின்னவனுக்கும் வயிறு வைக்குது, அப்பாவின்ர உடம்பு, என்ர உடம்பு, இப்ப அவன். பள்ளிக்கூடத்தில ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களாம், அதை அவன் அக்காவிட்டத்தான் சொல்லியிருக்கிறான். நான் அவனோட எப்பிடிக் கதைக்கிறது?

மழைத்துளி_தெகிவளை, அதே நாள்

அண்ணா, அவனோட உடம்பைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். தராசில ஏத்த வேண்டாம், அக்காவுக்கு ஒரு சாப்பாடு அவனுக்கு ஒரு சாப்பாடு எண்டும் வைக்க வேண்டாம். வீட்டில சோடா வாங்காதேங்கோ, ஒருத்தருக்கும். நீங்க நடக்கப் போகேக்க அவனையும் வா எண்டு கூப்பிடுங்கோ, ஏன் எண்டு சொல்லாதேங்கோ. வளர்ற பிள்ளை, உயரம் கூடக்கூட தானாச் சரிவர நிறைய இடம் இருக்கு. எனக்கு 12 வயசில வீட்டில சொன்ன ஒவ்வொரு சொல்லும் இண்டைக்கும் ஞாபகம் இருக்கு.

கணக்குப்பிள்ளை43, அதே நாள் இரவு

சரி தங்கச்சி. நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு பீச்சுக்குப் போவமோ எண்டு கேட்டன். பந்தைக் கழுவி கதவடியில வைச்சிட்டுத்தான் படுத்திருக்கிறான்.